ஆதரவுடன் வாழும் வீடுகளில் தரமும் பாதுகாப்பும்: குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், பெருமூளை வாதம் (செரிப்ரல் பால்சி), கடுமையான உடல் ஊனம் போன்றவை உள்ள பெரியவர்கள் பெற்றோர் வீட்டை விட்டு, உதவியாளர்களின் துணையோடு தனியே வாழத் தொடங்கும்போது குடும்பத்தார் எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "அங்கே நல்லா பார்த்துக்குவாங்களா?" அந்த ஒரு கேள்விக்குள் பல கேள்விகள் அடங்கியிருக்கின்றன. அவற்றைப் பிரித்து இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். சட்டங்களும் அலுவலகங்களும் நாட்டுக்கு நாடு மாறும். வீட்டுக்குள் நடப்பது பெரும்பாலும் எங்கும் ஒரே மாதிரிதான்.

ஆதரவுடன் வாழும் வீடு என்றால் என்ன? காப்பகத்துக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

வீடு அவருடையது. முதல் வித்தியாசம் அதுதான். வாடகை ஒப்பந்தம் அவர் பெயரில் இருக்கும். தனியாகவோ, இரண்டு மூன்று பேரோடு சேர்ந்தோ வசிப்பார். உதவியாளர்கள் வந்து போவார்கள். சிலருக்கு வாரத்தில் சில மணி நேரம், சிலருக்கு இரவும் பகலும். உதவி தரும் நிறுவனத்தை மாற்றினாலும் வீட்டைக் காலி செய்ய வேண்டியதில்லை. காப்பகத்தில் படுக்கையும் பராமரிப்பும் ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கும். ஒன்றைப் பற்றிக் குறை சொன்னால் இரண்டும் போய்விடுமோ என்ற பயத்திலேயே பலர் வாயைத் திறப்பதில்லை.

ஐ.நா. சபை 2006-இல் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 19-ஆவது பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. எங்கே, யாரோடு வாழ்வது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை மற்றவர்களுக்கு இருப்பது போலவே மாற்றுத்திறனாளிகளுக்கும் உண்டு.

ஆனால் பெயரளவில் தனிவாழ்வு, உள்ளே பழைய காப்பகம் என்று நடக்கும் இடங்களும் இருக்கின்றன. அமெரிக்காவில் அரசுப் பணத்தில் நடக்கும் இத்தகைய வீடுகளுக்கு 2014-இல் ஒரு மத்திய விதி வந்தது. தன் அறைக் கதவைப் பூட்டிக்கொள்ளும் உரிமை, அறையைப் பகிர்பவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை, எந்த நேரமும் சாப்பிடும் உரிமை, எந்த நேரமும் விருந்தினரை வரவழைக்கும் உரிமை ஆகியவை அதில் உண்டு. நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் இந்த நான்கையும் கேட்டுப் பாருங்கள். பதிலைக் கேட்டாலே அது எப்படிப்பட்ட இடம் என்று பாதி தெரிந்துவிடும்.

பெரிய நிறுவனத்தில் நிறைய ஆட்கள் இருப்பார்கள். அதுதானே பாதுகாப்பு?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். வரலாறு வேறு மாதிரி சொல்கிறது. நியூயார்க்கில் வில்லோபுரூக் என்ற அரசு விடுதி 4,000 பேருக்காகக் கட்டப்பட்டது. 1960-களின் நடுவில் அங்கே 6,000 பேர் அடைபட்டுக் கிடந்தார்கள். 1972-இல் தொலைக்காட்சியில் அந்தக் காட்சிகள் வந்தபோதுதான் நாடு விழித்தது. 1987-இல் அது மூடப்பட்டது. இங்கிலாந்தில் பிரிஸ்டலுக்கு அருகே வின்டர்போர்ன் வியூ என்ற தனியார் மருத்துவமனையில், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களை ஊழியர்கள் அடித்து, இழுத்து, கேலி செய்ததை 2011-இல் பிபிசி ரகசியக் கேமரா மூலம் வெளிக்கொண்டுவந்தது. 11 ஊழியர்கள் தண்டிக்கப்பட்டார்கள், அவர்களில் 6 பேர் சிறைக்குப் போனார்கள். அதற்கு முன்பே அங்கே வேலை பார்த்த மூத்த செவிலியர் ஒருவர் நிர்வாகத்திடமும் கண்காணிப்பு அமைப்பிடமும் எச்சரித்திருந்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆட்கள் இருந்தும் அங்கே பாதுகாப்பு இருக்கவில்லை.

சரி, அப்படியானால் சின்ன வீடு என்றாலே பாதுகாப்பா? அதுவும் இல்லை. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் 2020-இல், பெருமூளை வாதம் உள்ள ஒரு பெண் தன் சொந்த வீட்டிலேயே கவனிப்பாரற்றுக் கிடந்து, கடைசியில் மருத்துவமனையில் இறந்தார். அவரைப் பார்த்துக்கொள்ள ஒரே ஒரு உதவியாளர்தான். உள்ளே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்க வேறு யாரும் இல்லை. அதற்குப் பிறகுதான் ஒருவரை ஒரே உதவியாளரின் பொறுப்பில் விடுவது பற்றிக் கடுமையான நிபந்தனைகள் அங்கே வந்தன.

இடம் பெரியதா சிறியதா என்பது இரண்டாம் பட்சம். அவரை நன்றாகத் தெரிந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் சம்பளம் வாங்காதவர்கள் எத்தனை பேர், அவர்கள் எத்தனை நாளுக்கு ஒருமுறை நேரில் வருகிறார்கள் என்பதை முதலில் எண்ணிப் பாருங்கள். என்னைக் கேட்டால் பாதுகாப்புக்கு இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

சேர்ப்பதற்கு முன் நேரில் போகிறோம். என்ன பார்க்க வேண்டும்?

சொல்லிவிட்டு ஒரு முறையும் சொல்லாமல் ஒரு முறையும் போங்கள். சொல்லாமல் போகும்போது மாலை ஆறு மணிக்கு மேலோ விடுமுறை நாளிலோ போவது நல்லது. அலுவலக நேரத்தில் எல்லா வீடும் நன்றாகத்தான் இருக்கும்.

சுவரில் தொங்கும் சான்றிதழ்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் உதவியாளர் அந்த வீட்டில் இருப்பவரோடு எப்படிப் பேசுகிறார் என்று கவனியுங்கள். அவர் முன்னாலேயே உங்களிடம் "இவர் இப்படித்தான், இராத்திரியில் ரொம்பத் தொந்தரவு" என்று படர்க்கையில் சொல்கிறாரா? அல்லது அவர் பக்கம் திரும்பி, "வந்தவங்களுக்கு உங்க ரூமைக் காட்டலாமா?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருக்கிறாரா? பேச்சு வராதவரிடம் கேட்டுவிட்டு அவர் கண்ணும் கையும் என்ன சொல்கின்றன என்று பார்த்து நிற்கும் அந்தச் சில விநாடிகளை எந்தப் பயிற்சிச் சான்றிதழும் உங்களுக்குக் காட்டாது.

அடுத்து, தினசரிக் குறிப்பேட்டை (அந்த வீட்டில் இருப்பவரின் அனுமதியோடு) ஒரு பக்கம் படித்துப் பாருங்கள். "நன்றாக இருந்தார். சாப்பிட்டார். தூங்கினார்." வாரம் முழுக்க இதே மூன்று வரி, ஒரே கையெழுத்து, ஒரே பேனா என்றால் அது ஒருவருடைய வாழ்க்கைக் குறிப்பு இல்லை, ஷிப்ட் முடியும்போது அவசரமாக நிரப்பிய தாள். நல்ல குறிப்பில் விவரம் இருக்கும்: காலையில் சட்டையை அவரே எடுத்துக் கொடுத்தார், மதியம் அரைத் தட்டுதான் சாப்பிட்டார், இடது கன்னத்தைத் தொட்டுக்கொண்டே இருந்தார், பல்லைப் பார்க்கச் சொல்ல வேண்டும். இப்படி எழுதுகிறவர் கவனித்துப் பார்க்கிறார் என்று நம்பலாம்.

குளிர்சாதனப் பெட்டியில் பூட்டு தொங்குகிறதா, குளியலறைக் கதவு மூடுகிறதா, அலமாரியில் இருக்கும் துணிகள் அவருடைய அளவுதானா, சுவரில் மாட்டியிருக்கும் படம் அவர் தேர்ந்தெடுத்ததா என்றும் பாருங்கள். அப்புறம் உதவியாளரிடம் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: "போன மாதம் இவர் எதற்காவது வேண்டாம் என்று சொன்னாரா? அப்போது என்ன செய்தீர்கள்?" பதில் சொல்லத் தடுமாறினால், அங்கே வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் இடமில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

தனியாக வெளியே போக வேண்டும், அடுப்பில் சமைக்க வேண்டும் என்கிறார். அனுமதிக்கலாமா?

"அனுமதி" என்ற இடத்திலிருந்தே யோசிக்கத் தொடங்க வேண்டாம். அவர் பெரியவர். ஆபத்தே இல்லாத வாழ்க்கை யாருக்கும் இல்லை. அதை ஒருவர் மீது திணித்தால் அவருடைய மரியாதை போய்விடும் என்ற பேச்சு இந்தத் துறையில் 1970-களின் தொடக்கத்திலேயே எழுந்தது.

நல்ல நிறுவனம் "முடியாது" என்றும் சொல்லாது, "உங்கள் இஷ்டம்" என்று கையை விரித்தும் விடாது. ஒரே காரியத்தைத் துண்டு துண்டாகப் பிரிக்கும். தனியாகக் கடைக்குப் போவது என்றால், கடைக்குள் அவருக்குச் சிக்கல் இல்லை, சாலையைக் கடப்பதுதான் சிக்கல் என்று கண்டுபிடிப்பார்கள். முதலில் உதவியாளர் கூடவே நடப்பார், பிறகு சில அடி பின்னால், பிறகு சாலையின் இந்தப் பக்கம் நின்றுகொள்வார். போனில் ஒரு பட்டனை அழுத்தினால் வீட்டுக்கு அழைப்பு போகும்படி செய்துவைப்பார்கள். இவை எல்லாம் தாளில் தேதியோடு இருக்கும், மாறும்போது மாற்றி எழுதப்படும்.

ஒரே மனிதருக்கு ஒரு விஷயத்தில் முழுச் சுதந்திரமும் இன்னொன்றில் கூடவே ஒருவர் நிற்க வேண்டிய நிலையும் இருக்கலாம். குறிப்பாக, வலிப்பு உள்ளவரைக் குளியல் தொட்டியில் தனியாக விடவே கூடாது. 2013-இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான ஒரு சிகிச்சைப் பிரிவில், வலிப்பு நோய் இருந்த 18 வயது இளைஞர் குளியல் தொட்டியில் மூழ்கி இறந்தார். அவர் தனியாகக் குளிக்க விடப்பட்டிருந்தார். அவருக்கு வலிப்பு உண்டு என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். தொட்டிக்குப் பதில் ஷவர், தாழ்ப்பாள் போடாத கதவு, காது கேட்கும் தூரத்தில் ஒருவர் என்று வைத்தால் வலிப்பு உள்ளவரின் அந்தரங்கமும் காக்கப்படும், உயிரும் காக்கப்படும்.

அன்றாடம் கவனிக்க வேண்டிய உடல்நல ஆபத்துகள் எவை?

கொடுமை செய்வதால் வரும் மரணங்கள்தான் செய்தியாகின்றன. ஆனால் அதிகம் பேர் உயிரிழப்பது அமைதியாக வரும் காரணங்களால். இங்கிலாந்தில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களின் மரணங்களை ஆராய்வதற்கென்றே ஒரு தேசியத் திட்டம் இருக்கிறது. பொது மக்களோடு ஒப்பிட்டால் இவர்கள் சுமார் 20 ஆண்டுகள் முன்னதாகவே இறக்கிறார்கள் என்பதை அது திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறது. அந்த மரணங்களில் கணிசமானவை தவிர்த்திருக்கக்கூடியவை.

முதலாவது புரை ஏறுதல். விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களுக்கு உணவோ நீரோ மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியா வரும். சாப்பிடும்போது இருமல், சாப்பிட்ட பிறகு குரல் ஈரமாகக் கரகரத்தல், காரணமில்லாமல் திரும்பத் திரும்பக் காய்ச்சல், எடை குறைதல் இவற்றில் எதைப் பார்த்தாலும் பேச்சு மற்றும் விழுங்குதல் சிகிச்சையாளரிடம் காட்ட வேண்டும். உணவின் பதத்தையும் பானத்தின் திடத்தையும் 0 முதல் 7 வரை எண்ணிட்டுச் சொல்லும் சர்வதேச முறை ஒன்று உண்டு. "மசித்துக் கொடுங்கள்" என்றால் ஆளுக்கொரு விதமாக மசிப்பார்கள். எண்ணைச் சொன்னால் புதிதாக வந்த உதவியாளருக்கும் குழப்பம் வராது. சாப்பிடும்போது நேராக உட்கார வைப்பதும், அவசரப்படுத்தாமல் இருப்பதும் அதே அளவு முக்கியம்.

இரண்டாவது, யாரும் பேசக் கூச்சப்படும் மலச்சிக்கல். நடமாட்டம் குறைவு, தண்ணீர் குறைவு, சில மனநல மருந்துகள், சில வலிப்பு மருந்துகள் எல்லாம் சேர்ந்தால் குடல் அடைத்துக்கொள்ளும். அது உயிரையே எடுத்திருக்கிறது. வயிறு வலிக்கிறது என்று சொல்லத் தெரியாதவர் சாப்பிட மறுப்பார், முட்டிக்கொள்வார், தன்னையே அடித்துக்கொள்வார். கடைசியாக எப்போது மலம் கழித்தார் என்ற கேள்விக்கு அந்த வீட்டில் உடனே பதில் கிடைக்க வேண்டும். இதைக் கேட்க வெட்கப்படாதீர்கள்.

இங்கேதான் மருத்துவர்களும் தவறுகிறார்கள். ஒருவர் திடீரென்று கத்துகிறார், கையை ஓங்குகிறார் என்றால், "ஆட்டிசம் இருக்கிறதல்லவா, அப்படித்தான்" என்று குறைபாட்டின் மீதே பழியைப் போட்டு அனுப்பிவிடுவார்கள். உண்மையில் அது காதில் சீழாக இருக்கும், பல் சொத்தையாக இருக்கும், சிறுநீர்த் தொற்றாக இருக்கும். நடத்தை மாறினால் முதலில் வலியைத் தேடுங்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தைராய்டு குறைவும் கேட்கும் திறன் குறைவும் அடிக்கடி வரும், மறதி நோயும் மற்றவர்களைவிட மிக முன்னதாகவே வரக்கூடும். "சோம்பேறி ஆகிவிட்டார்" என்று விட்டுவிடாமல் ஆண்டுக்கு ஒருமுறையாவது முழு உடல் பரிசோதனை செய்ய வேண்டும்.

வலிப்பு ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் ஆம்புலன்ஸ். இது எல்லா உதவியாளருக்கும் மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். குளிக்கும் நீர் 44 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகக் கூடாது என்பது பிரிட்டனில் பராமரிப்பு இடங்களுக்கான வரம்பு. 60 டிகிரியில் சில விநாடிகளிலேயே தோல் வெந்துவிடும். விலகத் தெரியாதவர், சூட்டை உணராதவர் இருக்கும் வீட்டில் குழாயிலேயே வெப்பக் கட்டுப்பாட்டு வால்வு பொருத்துவது நல்லது.

மருந்து விஷயத்தில் எதைக் கேட்க வேண்டும்?

ஒவ்வொரு மருந்தும் எதற்காக என்று கேளுங்கள். இங்கிலாந்தில் 2015-இல் வெளியான ஆய்வு ஒன்றின்படி, அறிவுசார் குறைபாடு உள்ள 30,000 முதல் 35,000 பேர் வரை, அதற்குரிய மனநோய் எதுவும் இல்லாமலே மனநோய் மருந்தோ மனச்சோர்வு மருந்தோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதைத் தொடர்ந்து அடுத்த ஆண்டே, தேவையில்லாத மருந்துகளைக் குறைக்க அங்கே தேசிய அளவில் ஓர் இயக்கம் தொடங்கியது. ஆள் அமைதியாக இருக்க வேண்டும் என்பதற்காக மருந்து கொடுப்பது சிகிச்சை இல்லை, மாத்திரையால் கட்டிப்போடுவது.

ஆனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இந்த மருந்துகளையும் வலிப்பு மருந்துகளையும் திடீரென்று நிறுத்தினால் ஆபத்து. மருத்துவரிடம் போய், "இது எப்போது தொடங்கியது, எதற்காக, எப்போது குறைத்துப் பார்க்கலாம்?" என்று கேட்டு, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

மருந்துப் பதிவேட்டில் கொடுத்தவர் கொடுத்த உடனே கையெழுத்துப் போட வேண்டும். தவறவிட்ட வேளையை மறைக்காமல் எழுதும் வீட்டை நம்புங்கள். ஓராண்டில் ஒரு பிழைகூட இல்லை என்று சொல்லும் வீட்டில் இன்னும் கொஞ்சம் துருவிக் கேளுங்கள்.

"அவருடைய நன்மைக்காகத்தான்" என்று அறையில் வைத்துப் பூட்டுகிறார்கள். இது சரியா?

சரியில்லை. ஆஸ்திரேலியாவின் சட்டம் கட்டுப்பாடுகளை ஐந்து வகையாகப் பிரிக்கிறது: தனியே அடைத்து வைத்தல், மருந்தால் அடக்குதல், பட்டை போன்ற சாதனங்களால் கட்டுதல், உடல் பலத்தால் பிடித்து வைத்தல், கதவு, அலமாரி, பொருள் எதையும் அணுக முடியாமல் தடுத்தல். சக்கர நாற்காலியின் பிரேக்கைப் போட்டு ஆளை நகரவிடாமல் வைப்பதும் ஒரு கட்டுப்பாடுதான். உணவலமாரிப் பூட்டும் அப்படித்தான்.

உண்மையிலேயே உயிராபத்து இருக்கும் நேரத்தில் ஒருவரைத் தடுக்க வேண்டி வரலாம். அப்போதும் அது கடைசி வழியாக, மிகக் குறைந்த நேரத்துக்கு, வெளியாரின் ஒப்புதலோடு, எழுத்துப் பதிவோடு இருக்க வேண்டும். அதை எப்படிக் கைவிடுவது என்ற திட்டமும் கூடவே இருக்க வேண்டும். மூன்று ஆண்டுகளாக அதே பூட்டு தொங்குகிறது என்றால், ஆள் குறைவாக இருப்பதைப் பூட்டால் சமாளிக்கிறார்கள் என்று அர்த்தம். முகம் தரையைப் பார்க்கக் குப்புறப் படுக்க வைத்து அழுத்துவதில் மூச்சு நின்று பலர் இறந்திருக்கிறார்கள். அதை எந்தச் சூழ்நிலையிலும் ஏற்காதீர்கள்.

பேச்சு வராதவர். அவருக்கு அங்கே ஏதாவது நடந்தால் எப்படித் தெரியும்?

அவருடைய வழக்கம் உங்களுக்குத் தெரிந்தால் தெரியும். காயமும் தழும்பும் தாமதமாகத்தான் கண்ணில் படும். அதற்கு முன்பே வாழ்க்கை சுருங்கத் தொடங்கும். வாராவாரம் நீச்சலுக்குப் போனவர் இப்போது போவதில்லை, நண்பர்கள் வருவதில்லை, போன் எடுத்தால் "தூங்குகிறார்" என்று பதில் வருகிறது, நீங்கள் வரும் நாளை அவர்களே குறித்துக் கொடுக்கிறார்கள். ஒரு குறிப்பிட்ட உதவியாளர் வரும்போது உடம்பு விறைக்கிறதா, உடை மாற்றும்போது திடீரென்று தடுக்கிறாரா, தூக்கம் கெட்டிருக்கிறதா என்று பாருங்கள். மேல்கையின் உட்புறம், தொடை, காதுக்குப் பின்னால் இருக்கும் கன்றல்கள் கீழே விழுந்ததால் வருவது அரிது.

படங்கள், சைகைகள், டேப்லெட், கண் அசைவு என்று எதன் வழியாகவாவது அவர் சொல்லக் கற்றிருக்க வேண்டும். அந்தச் சொற்களில் உடலுறுப்புகளின் பெயர்களும் "நிறுத்து", "வலிக்கிறது", "பயமாக இருக்கிறது" என்பவையும் கட்டாயம் சேர வேண்டும். பல தகவல் அட்டைகளில் தண்ணீர், சோறு, கழிப்பறை மட்டும்தான் இருக்கின்றன. அந்த அட்டையை வைத்துக்கொண்டு ஒருவர் தனக்கு நடந்த கொடுமையை எப்படிச் சொல்வார்?

நான்தான் அந்த வீட்டில் இருக்கிறேன். பிடிக்காதது நடந்தால் என்ன செய்வது?

யாரும் உங்களை அடிக்கக் கூடாது. திட்டக் கூடாது. உங்களுக்குப் பிடிக்காமல் தொடக் கூடாது. உங்கள் பணத்தைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. அப்படி நடந்தால் அது உங்கள் தவறு இல்லை. நீங்கள் நம்பும் ஒருவரிடம் சொல்லுங்கள். அவர் கேட்கவில்லை என்றால் இன்னொருவரிடம் சொல்லுங்கள். "யாரிடமும் சொல்லாதே" என்று ஒருவர் சொன்னால், அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். உதவியாளரைப் பிடிக்கவில்லை என்றால் மாற்றச் சொல்லிக் கேட்கலாம். அது உங்கள் உரிமை.

உதவியாளர்கள் அடிக்கடி மாறுகிறார்களே?

இந்தத் துறையின் பெரிய நோய் இதுதான். சம்பளம் குறைவு, வேலை கடினம், மரியாதை அதைவிடக் குறைவு. அதனால் நல்லவர்களும் போய்விடுகிறார்கள். புதிதாக வருகிறவருக்கு அவர் தலையசைப்பின் அர்த்தம் தெரியாது, எந்தப் பக்கம் படுத்தால் வலிக்கும் என்று தெரியாது.

நிறுவனத்திடம் மூன்று விஷயம் கேளுங்கள்: போன ஆண்டு எத்தனை பேர் விலகினார்கள்? ஆள் வராத நாளில் யாரை அனுப்புகிறீர்கள்? புதியவர் தனியாக விடப்படும் முன் பழையவரோடு எத்தனை ஷிப்ட் பார்க்கிறார்? வேலைக்கு எடுக்கும்போது காவல்துறைச் சரிபார்ப்பு அவசியம்தான், ஆனால் அது இதுவரை மாட்டாதவர் என்பதை மட்டுமே சொல்லும். முன்பு வேலை பார்த்த இடத்தில் நேரடியாகப் பேசி விசாரித்தார்களா என்பதையும் கேட்க வேண்டும். உதவியாளரைத் தேர்ந்தெடுக்கும் நேர்காணலில் அந்த வீட்டில் வசிப்பவரும் உட்கார்ந்திருந்தால் இன்னும் நல்லது.

நல்ல உதவியாளர் கிடைத்தால் அதை அவரிடமும் அவருடைய மேலாளரிடமும் எழுத்தில் சொல்லுங்கள். புகார் மட்டுமே எழுதும் குடும்பமாக இருக்க வேண்டாம்.

கேமரா வைக்கலாமா?

வாசல், கூடம் போன்ற பொது இடங்களில், அங்கே வசிக்கும் எல்லோரும் ஒப்புக்கொண்டால் வைக்கலாம். படுக்கையறையிலும் குளியலறையிலும் வைப்பது அவருடைய அந்தரங்கத்தைப் பறிப்பது. பல நாடுகளில் சட்டச் சிக்கலும் வரும். நடந்ததைத்தான் கேமரா காட்டும், நடக்காமல் தடுக்காது. அந்தப் பணத்தில் இன்னொருவர் வந்து போக ஏற்பாடு செய்ய முடியுமா என்று பாருங்கள்.

அவருடைய பணத்தை யார் பார்த்துக்கொள்வது?

உதவி செய்கிறவரும் கணக்கு எழுதுகிறவரும் ஒருவராகவே இருக்கக் கூடாது. வங்கி அட்டையின் ரகசிய எண் உதவியாளரிடம் இருக்கக் கூடாது. ரசீதுகளை மாதம் ஒருமுறை வெளியாள் ஒருவர் வங்கிக் கணக்கோடு ஒப்பிட வேண்டும். உதவியாளருக்குக் கடன், பெரிய பரிசு, உயிலில் பங்கு எதுவும் கூடாது. பணத்தைப் பத்திரப்படுத்துகிறோம் என்று அவர் கையில் ஒன்றுமே கொடுக்காமல் இருப்பதும் தவறுதான்.

கூட வசிப்பவரோடு ஒத்துப்போகவில்லை. பொறுத்துப்போகச் சொல்லலாமா?

உங்களுக்குப் பிடிக்காத ஒருவரோடு ஒரே வீட்டில் எத்தனை நாள் இருப்பீர்கள்? இந்த வீடுகளில் நடக்கும் அடிதடிகளில் பல, வசிப்பவர்களுக்குள்ளேயே நடப்பவை. இடம் காலியாக இருக்கிறது என்பதற்காக இருவரைச் சேர்த்து வைத்ததுதான் பெரும்பாலும் காரணம். சேர்ப்பதற்கு முன் சில மாலைகள், சில இரவுகள் சேர்ந்து இருந்து பார்க்கட்டும். சத்தம் ஆகாதவரையும் சத்தமாகப் பாட்டு கேட்பவரையும் ஒன்றாக வைத்துவிட்டு இருவருக்கும் "நடத்தைப் பிரச்சினை" என்று எழுதுவது அநியாயம்.

இரவில் தீப்பிடித்தால்?

இரவு ஷிப்டில் எத்தனை பேர், அவர்கள் விழித்திருப்பவர்களா தூங்குபவர்களா என்று கேளுங்கள். ஒவ்வொருவரையும் எப்படி, எந்த வழியாக, எத்தனை நிமிடத்தில் வெளியே கொண்டுவருவது என்று தனித்தனித் திட்டம் வேண்டும். ஒத்திகையைப் பகலில் எல்லா ஊழியரும் இருக்கும்போது நடத்திப் பயனில்லை. இரவில் இருக்கும் அதே எண்ணிக்கையோடு நடத்த வேண்டும். காது கேளாதவருக்கு அதிரும் தலையணை அலாரம் உண்டு. சாவி தேடித் திறக்கும் வெளிக்கதவு இருந்தால் அன்றே மாற்றச் சொல்லுங்கள்.

ஏதோ தவறு நடந்திருக்கிறது என்று சந்தேகம். என்ன செய்வது?

உடனடி ஆபத்து என்றால் காவல்துறை, மருத்துவமனை. மற்றதெல்லாம் அப்புறம். குளிப்பாட்டிச் சுத்தம் செய்துவிடாதீர்கள், துணியைத் துவைக்காதீர்கள். காயத்தைத் தேதியோடு படம் எடுங்கள். அவர் சொன்னதை அவர் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதுங்கள். "அவன் அடிச்சானா?" என்று பதிலை வாயில் வைத்துக் கேட்காதீர்கள், "என்ன ஆச்சு?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.

நிறுவனத்திடம் சொல்வதோடு நிற்காமல், உங்கள் நாட்டில் அந்த நிறுவனத்துக்கு உரிமம் கொடுக்கும் அமைப்புக்கும் எழுத்தில் அனுப்புங்கள். ஆஸ்திரேலியாவில் மரணம், கடுமையான காயம், துன்புறுத்தல் போன்றவற்றை 24 மணி நேரத்துக்குள் கண்காணிப்பு ஆணையத்துக்கு நிறுவனமே தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். உங்கள் நாட்டில் அப்படி ஒரு கெடு இருக்கிறதா என்று முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. ஐ.நா. உடன்படிக்கையின் 16-ஆவது பிரிவும் இத்தகைய சேவைகளைச் சுதந்திரமான அமைப்புகள் கண்காணிக்க வேண்டும் என்கிறது.

புகார் கொடுத்தால் கோபத்தை அவர் மீது காட்டுவார்களோ?

இந்தப் பயம் நியாயமானது. அதை யாரும் லேசாகப் பேசக் கூடாது. அதனால்தான் சின்ன விஷயங்களை நல்ல உறவு இருக்கும்போதே பேசிப் பழக வேண்டும். பெரிய விஷயம் என்றால் தனியாகப் போகாதீர்கள். இன்னொரு குடும்பத்தையோ, மாற்றுத்திறனாளிகள் அமைப்பு ஒன்றையோ கூட்டிக்கொண்டு போங்கள். எல்லாம் எழுத்தில், பதிலும் எழுத்தில் இருக்கட்டும். புகாருக்குப் பிறகு சில வாரங்கள் வழக்கத்தைவிட அதிகமாக, வேறு வேறு ஆட்கள், வேறு வேறு நேரத்தில் போய் வாருங்கள்.

எங்கள் காலத்துக்குப் பிறகு யார் பார்த்துக்கொள்வார்கள்?

எல்லாப் பெற்றோரையும் இரவில் தூங்கவிடாத கேள்வி இது. அவருடன் பிறந்த ஒரே பிள்ளை மீது முழுப் பாரத்தையும் வைக்காதீர்கள். உறவினர், நண்பர், அக்கம்பக்கத்தார் என்று நான்கைந்து பேரை இப்போதே அவருடைய வாழ்க்கைக்குள் கொண்டுவாருங்கள். ஒருவர் பணம், ஒருவர் மருத்துவம், ஒருவர் சும்மா வந்து கூட உட்கார்ந்து படம் பார்ப்பதற்கு. அவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை அவரோடு சேர்ந்து உட்கார்ந்து, அவர் என்ன விரும்புகிறார் என்று பேசட்டும். முழுக் காப்பாளர் பொறுப்பு கேட்டு நீதிமன்றம் போவதற்கு முன், முடிவெடுக்க உதவுவோர் என்ற ஏற்பாடு உங்கள் சட்டத்தில் உண்டா என்று விசாரியுங்கள். பெரு நாடு 2018-இல் மாற்றுத்திறனாளிகளுக்கான காப்பாளர் முறையையே கைவிட்டு இந்த வழிக்கு மாறியது.

வீட்டை மாற்றுவதானால் நீங்கள் உடலில் தெம்போடு இருக்கும்போதே மாற்றுங்கள். பெற்றோர் இறந்த வாரத்திலேயே பிள்ளையும் வீடு மாற வேண்டியிருந்தால், அம்மா அப்பா, படுக்கை, தெரு, பழகிய முகம் எல்லாவற்றையும் அவர் ஒரே நாளில் இழக்கிறார். கூடவே ஒரு நோட்டு எழுதி வையுங்கள். நோய், மருந்து, ஒவ்வாமை முதல் பக்கத்தில் இருக்கட்டும். அடுத்த பக்கங்களில் உங்களுக்கு மட்டுமே தெரிந்ததை எழுதுங்கள்: கட்டை விரலைக் கடித்தால் என்ன அர்த்தம், எந்தப் பாட்டுக்குச் சமாதானம் ஆவார், ஊசி போடும் முன் என்ன சொன்னால் கையை நீட்டுவார். ஒரு பிரதி அவர் அறையில், ஒன்று நிறுவனத்திடம், ஒன்று நான்கைந்து பேரில் ஒருவரிடம் இருக்கட்டும். மருத்துவமனைக்குப் போகும்போது அவரோடு அந்த நோட்டும் போக வேண்டும்.